கிண்ணத்தில் மிஞ்சியது

உதவிக் குருவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் சந்திரகுமாருக்குச் சிரிப்புத்தான் வரும். பிரசங்கம் பங்குக் குருவுக்கு. ஞானஸ்நானம், கலியாணம், படம் எடுக்கும்போது நடுவில் நிற்பது எல்லாம் பங்குக் குருவுக்கு. மிச்சமெல்லாம் உதவிக் குருவுக்கு. ஹீட்டர் வேலை செய்யவில்லையா, கூப்பிடு உதவிக் குருவை. கோப்பி நேரத்தில் யாரோ ஒரு கிழவர் மனைவியை நினைத்து அழத் தொடங்கிவிட்டாரா, பக்கத்தில் போய் இருக்கவும் உதவிக் குருதான். திருவிருந்து முடிந்த பிறகு கிண்ணத்தில் மிஞ்சிய திராட்சரசத்தைக் குடித்து முடிப்பதும் அவர் வேலையே. ஜெபித்து அர்ப்பணித்த இரசம் அது. போத்தலுக்குள் திருப்பி ஊற்ற முடியாது, சமையலறைத் தொட்டியில் கொட்டவும் முடியாது. யாராவது ஒருவர் குடித்தாக வேண்டும். நான்கு வருடமாக அந்த ஒருவர் சந்திரகுமார்தான்.

சம்பளம் ஒரு சதமும் இல்லை. கிழமை நாட்களில் அவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். சுவிஸ் கிழவர்களைக் குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, கரண்டியால் சூப் ஊட்டுவது, வாயோரம் வழிந்ததைத் துடைப்பது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்தில் நின்றால், அந்த வேலையும் இந்த வேலையும் ஒன்றுதானே என்று ஒரு பெருமை வரும். கொஞ்சம் கூடுதலான பெருமைதான்.

அவர் ஊழியம் செய்த எப்பிஸ்கோப்பல் சபை ஒரு காலத்தில் ஆங்கிலம் பேசும் வெள்ளைக்காரருக்காகவே இருந்தது. இப்போது அவர்களில் முன்வாங்கு இரண்டை நிரப்ப மட்டுமே ஆட்கள் மிச்சம். பின்னுக்கு மருந்துக் கம்பனிகளில் வேலைக்கு வந்த தமிழ்நாட்டுக் குடும்பங்கள், சில நைஜீரியர், பிறகு யாழ்ப்பாணத்து ஆட்கள். வருடத்துக்கு வருடம் பின்வாங்குகள் பெருத்தன, முன்வாங்குகள் மெலிந்தன. பங்குக் குரு ஜூடித் அமெரிக்காவிலிருந்து வந்தவர். நல்ல மனுசி, சும்மா சொல்லக்கூடாது. "சந்திரா, நீதான் எங்களுக்குப் பாலம்" என்று அடிக்கடி சொல்வார். பாலத்தை எல்லாரும் மிதித்துக்கொண்டுதான் போவார்கள் என்று சந்திரகுமார் மனதுக்குள் முணுமுணுத்தாலும், கேட்க இனிமையாகத்தான் இருந்தது.

மேர்சியும் அவருடைய மகள் சஜீதாவும் முதன்முதலில் வந்தது போன இலையுதிர் காலத்தில். மேர்சி விதவை. பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்து, இப்போது பென்சனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். சஜீதா இங்கேயே பிறந்தவள், ஆய்வுகூடத்தில் வேலை. பூசை முடிந்து கோப்பி மேசையடியில் சந்திரகுமார் அவர்களை ஓடிப்போய் வரவேற்றார்.

"ஊரில எந்த இடம் அக்கா?"

மேர்சி ஊர்ப்பெயரைச் சொன்னார்.

"அட, எனக்கு வடிவாத் தெரிஞ்ச இடம். கோயிலடியோ, குளத்தடியோ?"

யாழ்ப்பாணத்தில் நாகரிகமான ஒருவரும் 'நீ என்ன சாதி' என்று வாய்திறந்து கேட்பதில்லை. ஊரைக் கேட்பார்கள், பிறகு எந்தச் சந்து, எந்த ஒழுங்கை என்று கேட்பார்கள், அவ்வளவுதான். கேட்டவருக்கும் தெரிந்துவிடும், சொன்னவருக்கும் தெரிந்துவிடும். மேர்சி அவரை ஒரு கணம் பார்த்தார்.

"குளத்தடி, பாதர்."

பக்கத்தில் கேக் வெட்டிக்கொண்டு நின்ற தம்பித்துரை அண்ணையின் கத்தி நின்று, பிறகு வெட்டியது. அவர் சபையின் தமிழர்களில் மூத்தவர், நிர்வாகக் குழுவிலும் இருப்பவர். சந்திரகுமார் சத்தியமாக ஊர்க்கதை கதைக்கிற ஆசையில்தான் கேட்டார். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"எங்களுக்கு இது மூண்டாவது கோயில், பாதர்," என்று மேர்சி சிரித்தார். "இனி மாற ஏலாது. முழங்கால் விடாது. இதுதான் கடைசி."

முதல் இரண்டையும் ஏன் விட்டார்கள் என்று சந்திரகுமார் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறே விசயம் தொடங்கிவிட்டது. முழங்கால் வருத்தத்தால் மேர்சி முன்வாங்கிலேயே இருப்பார், முதல் ஆளாக எழும்பி வருவார், கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். அவருக்குப் பின்னால் வந்த தம்பித்துரை அண்ணை அப்பத்தை வாயில் வைக்காமல் கையில் வைத்திருந்து, கிண்ணத்தில் நுனியை மட்டும் தோய்த்து எடுத்தார். அவருடைய மனைவியும் தோய்த்தார். அடுத்த குடும்பமும் தோய்த்தது. மாதம் ஒன்று போவதற்குள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒருவருடைய வாயும் கிண்ணத்தில் படவில்லை. ஜூடித்துக்கு ஒரே சந்தோசம். கொரோனாவுக்குப் பிறகு தமிழர்கள்தான் சுகாதாரத்தைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று கூட்டத்தில் பாராட்டினார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சந்திரகுமாருக்கு மட்டும் அது என்ன சுகாதாரம் என்று தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆனால் நான் அப்படியான ஆளில்லை என்று அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. மேர்சி கோப்பி மேசைக்கு இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ் செய்து கொண்டுவருவார். வெள்ளைக்காரர் பாய்ந்து விழுந்து சாப்பிடுவார்கள், தம்பித்துரை அண்ணைக்கு மட்டும் அன்றைக்கென்று கொலஸ்ட்ரோல் கூடிவிடும். சந்திரகுமாரோ எல்லாரும் பார்க்க இரண்டு எடுத்துச் சாப்பிடுவார். "மேர்சி அக்கா, இப்பிடி றோல்ஸ் சுவிஸ் முழுக்கத் தேடினாலும் கிடையாது," என்று சத்தமாகச் சொல்வார். யூதர் ஒதுக்கிவைத்த சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டதைப் பற்றி ஒருமுறை தமிழில் உருக்கமாகப் பேசியும் இருந்தார். தம்பித்துரை அண்ணை அதற்கும் தலையாட்டினார்.

இப்படிப்பட்ட மனுசனுக்குத்தான் அந்த ஞாயிறு வந்தது.

பாலத்தில் ட்ராம் பழுதாகி நின்றுவிட்டதாம். மேர்சியும் சஜீதாவும் பாதிப் பூசையில் வந்து பின்வாங்கில் இருந்தார்கள். அதனால் மேர்சி அன்று கடைசி ஆளாக வந்தார். மண்டியிட முடியாததால் மரக்கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்று, வழக்கம்போல இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கி, கண்ணை மூடிக் குடித்தார். ஆற அமரக் குடித்தார்.

பூசை முடிந்தது. ஜூடித் வாசலுக்குப் போய் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றார். சந்திரகுமார் கிண்ணத்தோடு பீடத்துக்குப் பின்னாலுள்ள சிறிய அறைக்குப் போனார். உள்ளே இரசம் இரண்டு மடக்கு அளவுக்கு மிஞ்சியிருந்தது. கிண்ணத்தைத் தூக்கினார். விளிம்பில் ஒரு ஈரம். மேர்சியின் வாய் பட்ட இடம்.

கை நின்றுவிட்டது.

அவர் நிறுத்தவில்லை, ஐயா. கை தானாக நின்றது. வாய் திறக்கவில்லை, தொண்டை இறுகிவிட்டது. எச்சில் என்ற சொல்லை அவர் நினைக்கவே இல்லை. ஆனால் அவருடைய அம்மா குளத்தடி ஆட்களுக்கு வேலியடியில் சிரட்டையில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும்போது முகத்தைச் சுளிப்பாவே, அந்தச் சுளிப்பு அப்படியே அவருடைய முகத்தில் வந்து உட்கார்ந்தது. அறையின் மூலையில் சின்னத் தொட்டி ஒன்று இருந்தது. அதன் குழாய் சாக்கடைக்குப் போகாமல் நேரே மண்ணுக்குள் இறங்கும். குடிக்க முடியாத சந்தர்ப்பத்தில் அங்கே ஊற்றலாம், சபை ஒழுங்கில் அதற்கு இடம் இருக்கிறது. சந்திரகுமார் ஊற்றினார். தண்ணீர் விட்டுக் கழுவினார். விளிம்பை இரண்டு தரம் துடைத்தார்.

திரும்பினால், மடித்த துணிகளோடு சஜீதா வாசலில் நின்றாள். பீட வேலைகளுக்கு உதவ அவள் அந்த மாதம்தான் சேர்ந்திருந்தாள்.

அவள் தொட்டியைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"பாதர், கார் ஓடப் போறீங்களோ?"

"ஓம், ஓம் பிள்ளை," என்றார் சந்திரகுமார். "கார் ஓட வேணும். அதுதான் குடிக்கேல்லை."

"சரி, பாதர்."

துணிகளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சந்திரகுமாரிடம் கார் கிடையாது. லைசன்ஸே கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் அவரும் மேர்சியும் சஜீதாவும் ஒரே ட்ராமில்தான் வீட்டுக்குப் போவார்கள். தப்புவதற்கு ஒரு வழியை அந்தப் பிள்ளை தானே திறந்துவிட்டாள், அவர் வெட்கமில்லாமல் அதற்குள் புகுந்து ஓடினார். அன்றைக்கு அவர் ட்ராமில் ஏறவில்லை. ஆற்றங்கரை வழியே நடந்தே வீட்டுக்குப் போனார், காரில் போகிற மனுசன்!

திங்கட்கிழமை முதியோர் இல்லத்தில் ஒரு கிழவிக்கு அப்பிள் ஜூஸ் கொடுத்தார். கிழவி பாதியைக் குடித்துவிட்டு, "நீயும் குடி, நல்ல ருசி," என்று கோப்பையை நீட்டினா. சந்திரகுமார் அவவைச் சந்தோசப்படுத்த எத்தனையோ தரம் செய்தது போல வாங்கி ஒரு மிடறு குடித்தார். குடித்த பிறகுதான் உறைத்தது. ஆங்கிலேயக் கிழவர்களும் நைஜீரியர்களும் வாய் வைத்த கிண்ணத்தை நான்கு வருடம் அண்ணாந்து குடித்தபோது இந்தத் தொண்டை ஒரு நாளாவது இறுகியதா? தடிமன் பிடித்து மூக்கொழுகியவர்கள் குடித்ததைக் குடிக்கவில்லையா? மேர்சி அக்காவிடம் என்ன கண்டுவிட்டது இந்தத் தொண்டை? சீ, என்ன பிறப்படா இது என்று கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடியில் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மனைவி கோசலாவிடம் சொன்னார். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"மண்ணுக்குள்ளதானே ஊத்தினனீங்கள்? அது ஒழுங்கில இருக்குத்தானே?"

"இருக்கு."

"பிறகென்ன? சும்மா மண்டையைப் போட்டு உடைக்காதேங்கோ. அவையளுக்கு இதெல்லாம் பழகியிருக்கும்."

பழகியிருக்கும் என்ற அந்தச் சொல்தான் அவரை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை.

புதன்கிழமை ஜூடித்தின் அலுவலகத்துக்குப் போனார். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும், உதவிக் குரு பதவியையே விட்டுவிட வேண்டும் என்றுதான் போனார். "கிண்ணத்தில் மிஞ்சியதை நான் குடிக்கவில்லை, ஊற்றிவிட்டேன்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஒழுங்கை, குளத்தடி, சிரட்டை, எச்சில், இதையெல்லாம் அந்த வெள்ளைக்கார மனுசிக்கு எந்தப் பாசையில் விளங்கப்படுத்துவது? விளங்கிவிட்டால் அவர் எந்த முகத்தோடு தன்னைப் பார்ப்பார்? சந்திரகுமார் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

ஜூடித் எழும்பி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"சந்திரா, என் தம்பியும் குடியை விடுவதற்கு மிகவும் பாடுபட்டான். உனக்கு ஞாயிறுதோறும் கிண்ணத்தைக் கொடுத்துக் குடி என்கிறோமே, நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. என்னை மன்னித்துவிடு."

சந்திரகுமார் திகைத்துப்போனார். வாழ்க்கையில் அவர் கிண்ணத்துக்கு வெளியே மது தொட்டதில்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் இல்லை என்றால், பிறகு ஏன் ஊற்றினாய் என்று கேட்பாரே. குடிகாரன் என்றால் ஊர் மன்னிக்கும். மற்றதை? சந்திரகுமார் தலையை ஆட்டினார். ஆட்டியே விட்டார்!

"நீ ஒன்றும் யோசிக்காதே," என்றார் ஜூடித், கண் கலங்க. "இனிமேல் மிஞ்சியதை சஜீதா குடிக்கட்டும். நான் அவளிடம் சொல்லிவிடுகிறேன்."

அப்போதுதான் சந்திரகுமாருக்கு விசயம் விளங்கியது. தாயின் வாய் பட்ட கிண்ணத்தைத் தொடாதவர்கள் தோய்த்துவிட்டுப் போன மிச்சத்தை, இனி ஞாயிறுக்கு ஞாயிறு மகள் குடிக்க வேண்டும். அவர் செய்துவைத்த வேலை அது.

அடுத்த ஞாயிறு சந்திரகுமார் ஒரு முடிவோடு போனார். என்ன வந்தாலும் நானே குடிப்பேன், அந்தப் பிள்ளை பார்க்கக் குடிப்பேன். திருவிருந்து நேரம் கிண்ணத்தோடு கிராதி வழியே நடந்தபோது அவருக்கு ஒருவருடைய முகத்தையும் பார்க்கத் துணிவில்லை. கைகளை மட்டுமே பார்த்தார். தோய்த்த கைகள், பிடித்த கைகள். கடைசியில் கறுத்து மெலிந்த, நரம்பு எழும்பிய இரண்டு வயதான கைகள் கிண்ணத்தை வாங்கின. இன்றும் கடைசி ஆளாக மேர்சி அக்கா வந்துவிட்டா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "இது உமக்காகச் சிந்தப்பட்ட இரத்தம்," என்று தமிழில் சொன்னார். குரல் உடைந்தது. அந்தக் கைகள் கிண்ணத்தை மெதுவாக வாய்க்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தன.

பின்னறையில் சஜீதா காத்துக்கொண்டு நின்றாள். வாசலில் ஜூடித் கை கொடுத்துச் சிரிப்பது இங்கே கேட்டது.

"ஜூடித் போன் பண்ணினவ," என்றாள் சஜீதா. "நீங்கள் குடியை விடப் போறீங்களாம்."

சந்திரகுமார் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"போன கிழமை கார். இந்தக் கிழமை குடி," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "தாங்கோ பாதர். நான் குடிக்கிறன்."

"இல்லைப் பிள்ளை. இது என்ர வேலை."

கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தார். விளிம்பில் ஈரம் இருந்த பக்கத்தையே தன் பக்கம் திருப்பினார். வாய் வைத்தார். தொண்டை இறுகவில்லை. கடைசித் துளி வரை குடித்தார், தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. தலையை நிமிர்த்தி, ஒரு வாரத்தில் முதல் தடவையாக அந்தப் பிள்ளையின் முகத்தை நேரே பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பார்வை. சொல்லப்போனால், மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்ட பார்வை.

சஜீதா துணியை மடித்தாள்.

"இண்டைக்கு அம்மா வரேல்லை, பாதர்."

"என்ன பிள்ளை?"

"கடைசியாக் குடிச்சது மருந்துக் கம்பனிக்காரர் ஒருத்தரின்ர அம்மா. மெட்ராஸிலயிருந்து மகனைப் பாக்க வந்து நிக்கிறவ."

சந்திரகுமார் திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தார். மேர்சி எப்போதும் இருக்கும் முன்வாங்கின் மூலை காலியாக இருந்தது. பூசை தொடங்கியதிலிருந்தே காலியாகத்தான் இருந்திருக்கும். அவருடைய நாடகத்தில் அவர் மும்முரமாக இருந்ததில், வந்தாவா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை. காலடியில் நிலம் பிளந்தால் இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது.

"அக்காவுக்கு முழங்கால் ஏலாதோ?"

"முழங்காலுக்கு ஒண்டுமில்லை. வெளியில வழுக்குது, வீட்டிலயே இருங்கோ எண்டு நான்தான் மறிச்சனான்." சஜீதாவின் குரல் அப்போதுதான் கொஞ்சம் நடுங்கியது. "நீங்கள் திரும்பியும் ஊத்தினால் நான் என்ன செய்யிறது, பாதர்? இது மூண்டாவது கோயில்."

"நான் இப்பவே வாறன். அக்காவின்ர காலில விழுந்து மன்னிப்புக் கேக்கிறன்."

"கேக்காதேங்கோ!" என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். "அவவுக்கு ஒண்டும் தெரியாது. ஏன் உங்கட ஆக்கள் தோய்க்கினம் எண்டு அவவுக்கு வடிவாத் தெரியும். ஆனால் உங்களைப் பற்றித் தெரியாது. எங்கட பாதர் என்ர கையால றோல்ஸ் வாங்கிச் சாப்பிடுவார், எல்லாரும் பாக்கச் சாப்பிடுவார் எண்டு கனடாவுக்கும் லண்டனுக்கும் போன் பண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறா. நீங்கள் மன்னிப்புக் கேட்டு உங்கட பாரத்தை இறக்கிப்போட்டுப் போயிடுவீங்கள். அவ பிறகு எங்க போறது?"

 அவள் சொன்னது முழுக்க உண்மை. மன்னிப்புக் கேட்பதுகூடத் தனக்காகத்தான் என்று அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்தது.

சஜீதா தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே கடதாசி விரித்து றோல்ஸ் அடுக்கியிருந்தது.

"உங்களுக்கெண்டு தந்துவிட்டவ. இண்டைக்குத் தான் வராதபடியால் பாதருக்கு ஒருத்தரும் குடுக்க மாட்டினமாம்." அவள் மேசையடியில் தள்ளி நின்றாள். "சாப்பிடுங்கோ. வீட்டை போனவுடன கேப்பா, பாதர் சாப்பிட்டவரோ எண்டு. நான் பொய் சொல்ல மாட்டன்."

வெள்ளை அங்கியோடு நின்றபடி சந்திரகுமார் ஒன்றை எடுத்தார். இன்னும் சூடு ஆறவில்லை. கடித்தார். ஞாயிறுதோறும் ஆட்கள் பார்க்க ரசித்துச் சாப்பிட்ட அதே றோல்ஸ், வாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்தது, இறங்க மறுத்தது. சஜீதா பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் விழுங்கும் மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

"நல்லாயிருக்கெண்டு அக்காவிட்டச் சொல்லு பிள்ளை," என்றார்.

"அதை நீங்களே சொல்லுங்கோ. வாற ஞாயிறு கூட்டிக்கொண்டு வாறன்." அவள் காலியான கிண்ணத்தைத் துணியால் மூடினாள். "அம்மாவைக் கடைசி ஆளாத்தான் விடுவன், பாதர். பிறகு இதில வந்து நிப்பன்."